முதலில் ஓட்டம், பிறகு கடன்

(கூட்டமைப்பின் மாசி மாதக் கூட்டத்தில், உறுப்பினர்களுக்கான சைக்கிள் குழு தொடங்குவது பற்றி நம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



மழை போயாச்சு. பாத்தியில சேறு மிதிச்சு, வரப்பு கட்டி, தண்ணி விட்டாச்சு. இனிமே புரட்டாசி வரைக்கும் நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு உப்பளம்தான் வீடு. நான் இன்னைக்குப் பேச வந்தது இன்னொரு சீசன் பற்றி. சைக்கிள் சீசன். சிரிக்காதீங்க. குளிர் நாடுகளில் பனி உருகி வசந்த காலம் வந்ததும், சைக்கிள் கிளப்புகளில் உள்ளவர்கள் மூடி வைத்த வண்டியை வெளியே எடுத்து, எண்ணெய் போட்டு, எல்லோரும் சேர்ந்து முதல் ஓட்டம் போவார்கள். நமக்குப் பனி கிடையாது, மழைதான். ஐப்பசி கார்த்திகையில நம்ம ரோடும் உப்பளமும் ஒண்ணாத்தான் தண்ணியில கிடக்குது. சித்திரை வந்தா வெயில் கொளுத்தும். இடையில இந்த மாசியும் பங்குனியும்தான் ரோடு காய்ஞ்சிருக்கும், காலையில காத்து இதமா இருக்கும். ஐக்கிய நாடுகள் சபை 2018-ல் ஜூன் 3-ஆம் தேதியை உலக சைக்கிள் தினம் என்று அறிவித்தது. கத்திரி வெயில் முடிஞ்ச கையோடு மரக்காணத்துல யாரு சைக்கிள் கத்துக்கப் போறாங்க? நாம மாசியிலேயே தொடங்குவோம்.

போன மாதம் செயற்குழுவில் சைக்கிள் குழு ஆரம்பிக்கலாம் என்று பேசியபோது ஒரு யோசனை வந்தது. கூட்டமைப்புக் கடனில் மொத்தமாகச் சைக்கிள் வாங்கி, மார்ச் 8 மகளிர் தினத்தன்று மேடை போட்டு, விருந்தினரை அழைத்துக் கொடுக்கலாம் என்று. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குப் புதுக்கோட்டைக் கதையைச் சொல்ல வேண்டும்.

இது கட்டுக்கதை இல்லை, நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தரும் இயக்கம். அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மா. அ, ஆ படிப்பதோடு சேர்த்து, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அந்த இயக்கத்தின் வேலையாகவே வைத்தார்கள். சைக்கிளுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதும் பலர் கேட்டார்கள். தன் ஊர் எல்லையைத் தாண்ட ஒரு ஆம்பளையைக் கேட்டுக்கிட்டு நிக்கிற வரைக்கும், படிச்ச எழுத்தை வச்சு அவ என்ன பண்ணுவா? பஸ் போர்டைப் படிப்பா, ஆனா பஸ் ஏற விட மாட்டாங்க. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் சைக்கிள்.

ஒன்றரை வருஷத்துக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கழித்துவிட்டால், அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒருத்திக்கு மேல். யாரெல்லாம் தெரியுமா? கூலி வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி டீச்சர், கிராம நர்ஸ், கல் பட்டை தீட்டுகிறவர்கள். நம்மைப் போன்றவர்கள்தான். சைக்கிள் கத்துக்கச் சொல்லிப் பாட்டுக்கூடக் கட்டினாங்க. 1992-ல் மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணி அடித்தபடி புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதிய கட்டுரை, நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஊர் ஊராக நடந்த சைக்கிள் போட்டிகளில் எழுபதாயிரம் பெண்களுக்கு மேல் கலந்துகொண்டதைப் பார்த்து, யுனிசெஃப் நிறுவனம் அறிவொளித் தொண்டர்களுக்கு ஐம்பது மொபெட் கொடுத்தது.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது எண்ணிக்கையை இல்லை, வரிசையை. யுனிசெஃப் வண்டி கடைசியில் வந்தது. ஓட்டம் முதலில் வந்தது. அந்த ஒரு லட்சம் பேருக்கும் யாரும் முன்கூட்டியே சைக்கிள் வாங்கிக் கொடுக்கவில்லை. வாடகைக் கடையில் அரை மணி நேரத்துக்கு எடுத்து ஓட்டினார்கள். அண்ணன், வீட்டுக்காரர் வண்டியில் பழகினார்கள். கற்றுக்கொண்டவர்களே அடுத்தவர்களுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பிறகு பார்த்தால் அதுதான் வசதி என்று பலர் சொன்னார்கள். ஆண்கள் சைக்கிளில் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை ஒரு கம்பி போகுதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் குடம். இதை ஆம்பளைங்க வடிவமைச்சப்போ அவங்களுக்கே தோணியிருக்காது!

ஊர் சும்மா இருந்ததா? இல்லை. கேலி செய்தார்கள், காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்செல்லாம் பேசினார்கள். ஆனால் கேலி செய்வதற்கு ஒருத்தி வேண்டும். நாற்பது பேர் சேர்ந்து போனால் யாரைக் கேலி செய்வது? இதனால்தான் நான் கிளப், குழு என்கிறேன். தனியாகக் கற்றுக்கொள்ளலாம்தான், சைக்கிளுக்கு அது ஒன்றும் தெரியாது. தெருவுக்குத் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதே 1991-92-ல்தான் மகளிர் குழு வேலை நம்ம பக்கம் வந்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய திட்டம், சேலத்துக்கும் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் அப்போதுதான் விரிந்தது. திண்டிவனம், மரக்காணம் எல்லாம் அன்று தென்னாற்காடுதான், விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993-ல். அங்கே பெண்கள் சைக்கிளைப் பிடித்தார்கள், இங்கே நம் அம்மாக்கள் சேமிப்புப் புத்தகத்தைப் பிடித்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. புத்தகத்தை நாம் விடவில்லை. சைக்கிள் மட்டும் நம்ம பெரிய அக்காமார் கைக்கு இன்னும் வரவில்லை.

இங்கே யாராவது சொல்வீங்க, "எங்க வூட்டுல சைக்கிள் இருக்கும்மா" என்று. ஆமா, இருக்கு. பல வீடுகளில் சுவரோடு சாய்ந்து கிடக்கிறது. 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள், 2005-06-க்குப் பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்தது. எனக்கும் அந்த வரிசையில் ஒன்று கிடைத்தது, பஸ் வராத நாளிலும் நான் பள்ளிக்கூடம் போனது அதனால்தான். நல்ல திட்டம். ஆனால் அது பதினோராம் வகுப்பு வரை போய்ச் சேர்ந்த பிள்ளைக்குத்தான். எட்டாவதோடு நிறுத்தி உப்பு வாரப் போன பிள்ளைக்கு அது வரவில்லை. அதற்கு முன்னாலேயே கல்யாணமாகிப் போன உங்களுக்கும் வரவில்லை. இந்தக் கூட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட அக்காமார்களைக் கை தூக்கச் சொன்னேன், நீங்களே பார்த்தீங்க, சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் போய்க் கணக்குப் பார்த்தால், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். காரணம் எளிது. தூரம்தான் பிள்ளையை நிறுத்தியது, தூரம் சுருங்கியதும் பிள்ளை போனது. உப்பளத்துக்கும் இதே கணக்குதான்.

நம்ம கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்து அளம் நாலு கிலோமீட்டர் என்று வையுங்க. நடந்தா ஒரு மணி நேரம். சைக்கிளில் நிதானமா மிதிச்சாலும் இருபத்தஞ்சு நிமிஷம். போக வர ஒரு நாளைக்கு ஒரு மணி பத்து நிமிஷம் மிச்சம். மாசம் இருபத்தஞ்சு நாள் வேலை என்றால், இருபத்தொன்பது மணி நேரம். தலையில் உப்புக் கூடை தூக்கப் போகிற காலுக்கு, போய்ச் சேருவதற்குள்ளேயே வலி எடுக்க வேண்டாமே. வெயிலுக்கு முன்னால் வேலை முடிக்க வேண்டும் என்று விடியும் முன்னே எழுந்து கிளம்புகிறோம். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் சும்மா கிடைக்கிறதா? கேரியரில் அஞ்சு லிட்டர் தண்ணி கேன் கட்டிக்கிட்டுப் போகலாம். அளத்துல குடிக்கத் தண்ணி கையில கொண்டு போறதுதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னால், யாரையும் வண்டி கேட்காமல் திரும்பி வரலாம். ஒதுங்க இடமில்லாமல் மதியம் வரை அடக்கிக்கொண்டு நிற்கிறோமே, அதற்கும்தான்.

"பொம்பளைங்களுக்குத்தான் டவுன் பஸ் காசில்லையே, அப்புறம் எதுக்கு சைக்கிள்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. 2021 மே மாதம் வந்த அந்தச் சலுகையால் நமக்கு மிச்சமான காசை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு வரப்பு வரைக்கும் எந்த பஸ் வரும்? பஸ் போகிற வழியில் நம்ம வேலை இருந்தால் பஸ். இல்லாத இடத்துக்குக் கால். காலுக்குப் பதில் சைக்கிள், அவ்வளவுதான். ஸ்கூட்டிக்கு 2018-ல் மானியத் திட்டம் வந்தது, சில பேர் வாங்கினீங்க, பிறகு அது நின்றுபோனது. ஸ்கூட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. லைசென்ஸ் வேணும், மாசா மாசம் பெட்ரோல் போடணும். முக்கியமா, முதல் பஞ்சாயத்து நடக்கும்போதே சாவி வீட்டுக்காரர் சட்டைப் பைக்குப் போயிடும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. குழுவில் எத்தனை கடன் பார்த்திருக்கிறோம்? கடன் உங்க பேர்ல, கையெழுத்து உங்களது, தவணை கட்ட அலைவது நீங்க. பொருள் யாரிடம் இருக்கிறது? செல்போன் முதல் தையல் மிஷின் வரை நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். மார்ச் 8-ஆம் தேதி மேடையில் உங்களுக்கு ஒரு புது சைக்கிள் கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். உங்களுக்கு ஓட்டத் தெரியாது. வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவீங்க. மறுநாள் காலையில் யார் ஓட்டுவார்கள்? ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுவார். அவர்மேல் தப்பில்லை, சும்மா நிற்கிற வண்டியை யார்தான் விடுவார்கள்! ஆறு மாசம் கழித்து நீங்களே, "அது அவர் வண்டிம்மா" என்பீர்கள். தவணை மட்டும் உங்களது.

அதனால் என் வேண்டுகோள் இது. முதலில் ஓட்டம், பிறகு கடன். இருக்கிற பழைய வண்டிகளைத் தூசி தட்டி எடுப்போம். எந்த வண்டியிலாவது ஓட்டப் பழகி, யாரும் பிடிக்காமல் ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி வந்த உறுப்பினருக்கு மட்டும் சைக்கிள் கடன் தரலாம். அவர் கையிலிருந்து அந்த வண்டியை வாங்குவது அவ்வளவு சுலபம் இல்லை. மேடைச் செலவுக்கு ஒதுக்கப் பார்த்த பணத்தில் இரண்டு டஜன் டியூப், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்ப் வாங்கி ஊருக்கு ஒன்றாக வைக்கலாம். செயற்குழு இன்றைக்கு முடிவெடுக்க வேண்டும், நீங்கள் கை தூக்கித்தான் அது முடிவாகும்.

கடன் கணக்கு ரொம்பப் பெரிசில்லை. ஆறாயிரம் ரூபாய்க்கு வண்டி என்று வையுங்க. ஷேர் ஆட்டோவுக்கு நாளைக்கு இருபது ரூபாய் என்றால் இருபத்தஞ்சு நாளைக்கு ஐந்நூறு. அந்த ஐந்நூறைத் தவணையாகக் கட்டினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியோடு பதிமூணு மாசத்தில் கடன் முடியும். நல்ல பழைய வண்டி வாங்கினால் இன்னும் சீக்கிரம்.

நம்ம ஊருக்கென்று ஒரு எதிரி உண்டு, துரு. புதுக்கோட்டையில் அது இவ்வளவு கிடையாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும், உப்புத் தண்ணி பட்ட இரும்பு சீக்கிரம் அரிக்கும். ஸ்போக்ஸ், செயின், பிரேக் ஒயர் மூன்றும்தான் முதலில் போகும். அளத்திலிருந்து வந்ததும் ஒரு சொம்பு நல்ல தண்ணியை ஊற்றித் துடையுங்க, போர் தண்ணி உப்பா இருந்தா வேண்டாம். காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய். வரப்புச் சேற்றில் படுக்கப் போடாதீங்க, சாலை ஓரமா ஸ்டாண்ட் போட்டுப் பூட்டிட்டு நடந்து போங்க. வரப்பில் ஓட்ட வேண்டாம். பாத்திக்குள்ள விழுந்தா உடம்புக்கும் கேடு, பாத்தி உடைஞ்சா மேஸ்திரி வாயையும் கேட்கணும். உப்பு மூட்டையைக் கேரியரில் ஏற்றவே கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். கூனிமேடு பக்கமிருந்தும் அனுமந்தை பக்கமிருந்தும் வருகிறவர்கள் அதைத் தொடாமல் வர முடியாது. பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் எந்த வேகத்தில் வருகிறது என்று தெரியும். இருட்டில் உங்களை அவர்களுக்குத் தெரியாது. பேசிக்கிட்டே இரண்டு பேர் சேர்ந்து ஓட்டக் கூடாது, இடது ஓரமா ஒருவர் பின் ஒருவர். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் லைட், இரண்டும் இல்லாமல் விடியும் முன் யாரும் அந்த ரோட்டுக்கு வரக் கூடாது. அளத்துக்குப் போகும்போது சேலைக்கு மேல் போடுகிற சட்டை வெள்ளையாக இருந்தால் நல்லது. கற்றுக்கொள்ளும் முதல் மாதம் அந்தச் சாலைக்கே போக வேண்டாம். மார்ச் 8 ஓட்டத்தையும் ஊர் ரோட்டிலேயே வைத்துக்கொள்வோம்.

வயசாச்சே, இடுப்பு பிடிக்குமே என்று பயப்படுகிற அம்மாமார்களுக்கு ஒரு வழி. நம்ம வீட்டுப் பையன்கள் சின்ன வயசுல குரங்கு பெடல் போட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. உங்களுக்கு அது வேண்டாம். சீட்டை நல்லா இறக்கி, இரண்டு காலும் தரையில் படும்படி உட்கார்ந்து, பெடலைத் தொடாமல் காலால் உந்தி உந்திப் போங்க. இரண்டு நாளில் பேலன்ஸ் வந்துவிடும். பிறகு பெடல். விழுந்தாலும் நின்ற இடத்திலேயேதான் விழுவீங்க. சேலை கட்டிக்கொண்டே ஓட்டலாம், முந்தானையை இடுப்பில் சொருகி, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் போதும். செயின் கவர் இல்லாத வண்டி மட்டும் வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்தில் முதல் வகுப்பு. கற்றுக்கொள்கிறவர்கள், ஓட்டத் தெரிந்த அந்த மூன்று அக்காமார்கள், பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற நம் பெண் பிள்ளைகள் எல்லோரும் வரலாம். பிள்ளைகள்தான் டீச்சர், அம்மாமார்கள்தான் மாணவிகள். கோபப்படாமல் கத்துக்கணும். ஹை ஹீல்ஸ் வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். வீட்டில் நிற்கிற வண்டியைப் பஞ்சரோடு இருந்தாலும் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள், பஞ்சர் ஒட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு உறுப்பினர்கள் மைதானத்திலேயே இருப்பார்கள். பெயரை வியாழக்கிழமைக்குள் உங்கள் குழு ஊக்குநரிடம் கொடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் கொண்டு வரும் வண்டி யாருடையது என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஓட்டம் முதலில், கடன் பிறகு என்பதற்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள், செயலாளர் எண்ணிக்கொள்வார்.